மடத்துக்குப் போகாமல் அர்ப்பண வாழ்வு: தொடங்க நினைக்கும் பெண்களுக்கு

"சிஸ்டரும் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை, ஆனால் கடவுளுக்கென்று வாழ்கிறேன் என்கிறாய். அப்படியென்றால் நீ யார்?" இந்தக் கேள்வியை இருபது வருடங்களாக வெவ்வேறு குரல்களில் கேட்டிருக்கிறேன். அக்கறையோடு கேட்டவர்கள் உண்டு, கிண்டலாகக் கேட்டவர்கள் உண்டு, விண்ணப்பப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று தெரியாமல் விழித்தவர்களும் உண்டு. இப்போது சில பெண்கள் வேறு ஒரு கேள்வியோடு வருகிறார்கள்: "எனக்கும் அப்படி வாழத் தோன்றுகிறது அக்கா, எங்கே தொடங்குவது?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கத்தோலிக்கத் திருச்சபையில், உலகத்துக்கு நடுவே வாழ்ந்தபடியே கடவுளுக்கு அர்ப்பணித்துக்கொள்கிறவர்களின் அமைப்பான செக்குலர் இன்ஸ்டிடியூட் ஒன்றில் வார்த்தைப்பாடு (கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு) கொடுத்தவள். வேலைக்குப் போகிறேன், வாடகை கட்டுகிறேன், துறவற உடை கிடையாது, பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் வெறும் பக்கத்து வீட்டுக்காரி. இந்த வாழ்க்கைக்கும் மடத்து வாழ்க்கைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் உடை, வீடு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். மடத்தில் மணி அடிக்கும். எழ, செபிக்க, சாப்பிட, பேச்சை நிறுத்த, எல்லாவற்றுக்கும் மணி. இங்கே மணியை அடிக்க வேண்டியதும் நீங்கள்தான், கேட்டு எழ வேண்டியதும் நீங்கள்தான். இதை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நாலு வருடம் மிச்சமாகியிருக்கும்.

எந்தக் கதவு என்று முதலில் பாருங்கள்

வருகிறவர்களில் பாதிப் பேர் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் வருகிறார்கள். கதவுகள் பல. உள்ளே போனால் ஒவ்வொன்றிலும் வீடு வேறு.

செக்குலர் இன்ஸ்டிடியூட் என்பதைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1947 பிப்ரவரி 2 அன்று வெளியிட்ட சாசனத்தின் வழியாகத் திருச்சபை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 710 முதல் 730 வரையுள்ள எண்கள் முழுக்க இதைப் பற்றியவை. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றையும் ஏற்கிறீர்கள், ஆனால் சொந்த வீட்டிலோ, தனியாகவோ, இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ, உலகத்துக்கு நடுவிலேயே வாழ்கிறீர்கள். இதில் சேர்வதால் திருச்சபையில் உங்கள் நிலை மாறுவதில்லை, பொதுநிலைப் பெண்ணாகவே (துறவி அல்லாத சாதாரண விசுவாசியாகவே) இருப்பீர்கள் என்று 711-ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது. "அப்போ நீ பாதி சிஸ்டரா?" என்று கேட்கிறவர்களுக்கு அந்த எண்ணையே பதிலாகச் சொல்லிவிடலாம்.

இரண்டாவது கதவு, கன்னியர் அணி: கல்யாணம் செய்யாமல் கடவுளுக்கென்று அர்ப்பணிக்கப்படும் பெண்கள். சட்ட எண் 604. இதில் அமைப்பும் இல்லை, தலைவியும் இல்லை. உங்கள் மறைமாவட்ட ஆயர்தான் உங்களை அர்ப்பணிக்கிறார், அவரோடும் அந்த மறைமாவட்டத்தோடும்தான் உங்கள் பிணைப்பு. முதல் நூற்றாண்டுகளிலேயே இருந்த வழக்கம் இது. நடுவில் மடங்களுக்குள் மட்டுமே ஒதுங்கிப்போன இந்த அர்ப்பணச் சடங்கு, 1970-இல் வெளியான புதிய சடங்குமுறையால் உலகில் வாழும் பெண்களுக்கும் மறுபடி திறந்தது. 2018-இல் வத்திக்கான் இதற்கென்றே ஒரு விரிவான வழிகாட்டு ஆவணத்தையும் கொடுத்தது. அதைப் படிக்காமல் ஆயரைப் பார்க்கப் போகாதீர்கள்.

மூன்றாவது, மூன்றாம் சபைகள். பிரான்சிஸ்கன், கார்மேல், தொமினிக்கன் குடும்பங்களில் பொதுநிலையினருக்கென்றே இருக்கிற கிளைகள். பொதுநிலை பிரான்சிஸ்கன் சபைக்கு இப்போது நடைமுறையில் இருக்கும் ஒழுங்கை ஆறாம் பவுல் 1978-இல் அங்கீகரித்தார். கல்யாணமானவர்களும் சேரலாம். சட்டப்படி இது "அர்ப்பண வாழ்வு" என்ற பிரிவில் வராது, அதனால் மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். உண்மையில் என்னிடம் வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு இதுதான் பொருத்தமான கதவு, பெயர்தான் அவர்களுக்குக் கொஞ்சம் சாதாரணமாகத் தெரிகிறது.

நான்காவது, தனிப்பட்ட வார்த்தைப்பாடு. யாருக்கும் தெரியாமல், கடவுளுக்கும் உங்களுக்கும் நடுவில். இதுவும் உண்மையான வாக்குதான், விளையாட்டு அல்ல. ஆனால் திருச்சபையின் பெயரால் அதை யாரும் ஏற்றுக்கொள்ளாததால் பொது வார்த்தைப்பாடு ஆகாது. தகுந்த காரணம் இருந்தால் உங்கள் பங்குத்தந்தையே இதிலிருந்து விடுவிக்க முடியும் (எண் 1196). பயமுறுத்தியோ ஏமாற்றியோ வாங்கிய வார்த்தைப்பாடு செல்லவே செல்லாது என்பதையும் மனதில் வையுங்கள், சிலருக்கு இது தேவைப்படும்.

இதெல்லாம் புதுசாகக் கிளம்பியது என்று வீட்டில் சொன்னால் கொஞ்சம் வரலாறு எடுத்துவிடலாம். 4-ஆம் நூற்றாண்டில் புனித அம்புரோசின் அக்கா மார்செலினா, திருத்தந்தை லிபேரியுஸ் கையால் முக்காடு பெற்றவர். 1535-இல் பிரேசியா நகரில் ஆஞ்செலா மெரிச்சி தொடங்கிய புனித உர்சுலா குழுவில் பெண்கள் அவரவர் வீட்டிலேயே இருந்துகொண்டு கடவுளுக்காக வாழ்ந்தார்கள், மடமும் இல்லை, மதில்சுவரும் இல்லை. (பின்னால் அவர்களில் பெரும்பாலோரை மடத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள், அது வேறு கதை. பெண்கள் வெளியே இருந்தால் எப்போதும் யாருக்கோ ஒரு படபடப்பு.) 20-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அர்மிதா பரெல்லி ஒரு செக்குலர் இன்ஸ்டிடியூட்டுக்கு அடித்தளம் போட்டதோடு நிற்காமல் மிலான் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தை உருவாக்குவதிலும் முன்னால் நின்றார், 2022-இல் அவருக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தார்கள். பிரான்ஸில் மதலேன் டெல்ப்ரேல் 1933-இல் இரண்டு தோழிகளோடு இவ்ரி என்ற தொழிலாளர் நகரத்துக்குக் குடிபோய், சமூகப் பணியாளராக வேலை பார்த்து, கம்யூனிஸ்டுகளுக்கு நடுவிலேயே வாழ்நாளைக் கழித்தார்.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது சியன்னா நகர் கத்தரீனைத்தான். அவரை அருள்சகோதரி என்று நினைக்கிறவர்கள் அதிகம். இல்லை, தொமினிக்கன் மூன்றாம் சபையைச் சேர்ந்தவர், அப்பா வீட்டில் வாழ்ந்தவர். கல்யாணத்துக்கு ஒப்புக்கொள்ளாததற்காக வீட்டில் அவருடைய தனி அறையைப் பிடுங்கிக்கொண்டு, நாள் முழுக்க வீட்டு வேலை செய்ய வைத்தார்கள். அப்போதுதான் அவர் மனதுக்குள்ளேயே ஒரு அறை கட்டிக்கொண்டார், அங்கிருந்து யாராலும் தன்னை வெளியேற்ற முடியாது என்று. 33 வயதில் இறந்தவர், 1970-இல் மறைவல்லுநர் (திருச்சபைக்கே ஆசிரியர்) பட்டம் பெற்றவர். நம் வாழ்க்கையின் முழுத் தொழில்நுட்பமும் அந்த ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அறை இல்லை, மணி இல்லை, சமையலறையில் நிற்கிறார், உள்ளே செபம் ஓடிக்கொண்டிருக்கிறது.

காரணத்தைக் கொஞ்ச நாள் ஊறப்போடுங்கள்

ஒரு தியானத்துக்குப் போய்வந்த வாரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். காதல் முறிந்த வருடத்திலும் வேண்டாம். வரன் பார்க்கும் பேச்சிலிருந்து தப்பிக்க இது நல்ல வழியாகத் தெரியும், தெரிகிறது என்பதே எச்சரிக்கை. கல்யாணம் பிடிக்கவில்லை என்பது ஒரு அழைத்தல் அல்ல, கல்யாணம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நல்ல மனைவியாகவும் அம்மாவாகவும் இருந்திருக்கக்கூடியவள் அதைத் தெரிந்தே வேறொன்றுக்காக விடுகிறாளா என்பதுதான் கேள்வி.

இன்னொரு காரணம் இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: மரியாதை. பங்கில் நாலு பேர் பார்த்து "நல்ல பொண்ணு" என்று சொல்ல வேண்டும் என்ற ஆசை. எனக்கு இருந்தது. சீருடை இல்லாத வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்ததால் அது தானாகவே பட்டினி கிடந்து செத்தது, ஆனால் சாக ரொம்ப நாளாயிற்று.

சட்டத் தகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செக்குலர் இன்ஸ்டிடியூட்டில் சேர 18 வயது நிறைந்திருக்க வேண்டும், திருமண பந்தம் நடப்பில் இருக்கக் கூடாது, வேறு துறவற சபையில் கட்டுப்பட்டிருக்கக் கூடாது. இதற்கு மேல் அந்தந்த அமைப்பு தன் விதிகளைச் சேர்க்கும். கன்னியர் அணிக்கு, ஒருபோதும் திருமணம் ஆகியிருக்கக் கூடாது, கற்புக்கு எதிராக வெளிப்படையாக வாழ்ந்திருக்கவும் கூடாது என்று சடங்குமுறை சொல்கிறது. வழக்கமாக 25 வயதுக்கு முன் அர்ப்பணிப்பதில்லை. பழைய தவறு ஒன்றை நினைத்து, "எனக்கு அந்தத் தகுதி இல்லை" என்று தானே கதவைச் சாத்திக்கொள்கிற பெண்களும் உண்டு. அதை நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள், ஆயரிடமோ அவர் நியமித்தவரிடமோ மனம் திறந்து பேசுங்கள். கணவனை இழந்தவர்களுக்கு இந்த அணி இல்லை, ஆனால் கைம்பெண்கள் அர்ப்பணம் என்று தனியாக ஒரு பழைய வழி சில மறைமாவட்டங்களில் மறுபடி வந்திருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

சட்டத்தில் இல்லாத, ஆனால் நான் கட்டாயம் கேட்கிற மூன்று கேள்விகள்: கடன் இருக்கிறதா? உங்களை நம்பி யார் இருக்கிறார்கள்? தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தைக் கழிக்கத் தெரியுமா? மூன்றாவதைக் கேட்டதும் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம், யோசியுங்கள்.

பேச ஒரு ஆள் தேடுங்கள்

ஆன்ம வழிகாட்டி இல்லாமல் இதில் இறங்காதீர்கள். குருவாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அனுபவமுள்ள அருள்சகோதரியோ, ஏற்கெனவே இந்த வாழ்வில் இருக்கும் பொதுநிலைப் பெண்ணோகூடப் போதும். பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவே வழிகாட்டியாகவும் இருக்கலாம், வேறு ஆளாகவும் இருக்கலாம். மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம், ஒளிவுமறைவில்லாமல் பேச முடிகிறதா என்பதுதான் அளவுகோல். முதல் ஆள் ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், குற்ற உணர்வு தேவையில்லை.

யாரைத் தவிர்ப்பது என்பதையும் சொல்ல வேண்டும். உங்களைவிட அவருக்கு அவசரம் அதிகம் என்றால் விலகுங்கள். "வீட்டில் சொல்லாதே, நமக்குள் இருக்கட்டும்" என்றால் விலகுங்கள். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டைத் தனக்கே, தன் பெயருக்கே கொடுக்கச் சொல்கிறவரிடமிருந்து நடக்காதீர்கள், ஓடுங்கள். கீழ்ப்படிதல் என்பது திருச்சபை ஏற்றுக்கொண்ட ஒழுங்குக்குள், அதில் பொறுப்பில் இருப்பவருக்கு, எழுதிவைத்த எல்லைக்குள். ஒரு தனிமனிதரின் விருப்பத்துக்கு அல்ல. இதை நான் கடுமையாக எழுதுவதற்குக் காரணம் உண்டு, அவ்வளவு போதும்.

ஒரு வருடம் வாழ்ந்து பாருங்கள், யாரிடமும் கேட்காமல்

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தாண்டிப்போகப் பார்க்கிறார்கள். எந்த அமைப்புக்கும் கடிதம் எழுதுவதற்கு முன்னால், ஒரு வருடம், இப்போது இருக்கிற வேலையிலேயே, இருக்கிற வீட்டிலேயே, இந்த வாழ்க்கையை வாழ்ந்து பாருங்கள். வார்த்தைப்பாடு வேண்டாம், அறிவிப்பு வேண்டாம்.

நான் தொடங்கிய விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். காலை நாலரைக்கு எழுவது, ஒரு மணி நேரத் தியானம், திருப்புகழ்மாலை (நாளின் ஒவ்வொரு வேளைக்கும் திருச்சபை வகுத்த செபங்கள்) முழுவதும், தினத் திருப்பலி, செபமாலை, ஆன்மீக வாசிப்பு, இரவு ஆத்தும சோதனை என்று கோடு போட்டு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்றாவது வாரம் அலுவலகத்தில் மேசையிலேயே தூங்கிப்போனேன். நாலாவது வாரம் அட்டவணையைக் கிழித்துவிட்டு இரண்டு மாதம் எதுவுமே செய்யவில்லை. எல்லாம் அல்லது எதுவுமில்லை என்று தொடங்குகிற எல்லோருக்கும் நடப்பதுதான் இது.

அதனால் இரவுச் செபத்திலிருந்து தொடங்குங்கள். திருப்புகழ்மாலையில் மிகச் சிறியது அதுதான், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஏழு நாளில் திரும்பத் திரும்ப வருவதால் சில மாதங்களில் புத்தகமே தேவைப்படாது, ஞாயிறு இரவின் 91-ஆம் திருப்பாடலும் சிமியோனின் பாடலும் தானாக வாயில் வரும். பல்துலக்குவது மாதிரி அது நிலைத்த பிறகு காலைச் செபம், அப்புறம் மாலைச் செபம். இவை நான்கு வாரச் சுழற்சி, முதலில் பக்கங்களைப் புரட்டுவதிலேயே குழம்புவீர்கள், யாராவது அருகில் உட்கார்ந்து நாலு நாள் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும். வார்த்தையில்லாத செபத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். முடிந்த நாளெல்லாம் திருப்பலி. அடிக்கடி பாவசங்கீர்த்தனம். வருடத்துக்கு ஒருமுறை ஒதுங்கியிருந்து செய்யும் தியானம். செக்குலர் இன்ஸ்டிடியூட் உறுப்பினர்களிடம் சட்டம் (எண் 719) எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய இவைதான்.

நேரத்தை வேலையோடு கட்டுங்கள், கடிகாரத்தோடு கட்டாதீர்கள். "ஐந்து மணிக்கு" என்று வைத்தால் ஒரு நாள் ஐந்தே கால் ஆனதும் மனசு விட்டுப்போகும். "முகம் கழுவியதும், போனை எடுப்பதற்கு முன்" என்று வைத்தால் நிலைக்கும். ஷிஃப்ட் வேலை பார்க்கிற நர்ஸ் தோழி ஒருத்தி, காலைச் செபத்தைத் தன்னுடைய காலையில் சொல்லுவாள், அது ஊருக்கு மதியம் மூன்று மணியாக இருந்தாலும்.

வருடக் கடைசியில் நீங்களே பாருங்கள். உற்சாகம் போன பிறகும் நின்றது எது? அதுதான் உங்கள் உண்மையான கையிருப்பு.

இப்போது கதவைத் தட்டலாம்

கன்னியர் அணி என்றால் மறைமாவட்ட ஆயருக்குக் கடிதம். பெரும்பாலும் இதற்கென்று ஒரு குருவையோ அர்ப்பண வாழ்விலிருக்கும் பெண்ணையோ அவர் பொறுப்பாக வைத்திருப்பார். உங்கள் மறைமாவட்டத்தில் இதுவரை யாருமே இல்லை என்றால் பயப்பட வேண்டாம், ஆனால் பொறுமை வேண்டும், ஆயரும் உங்களோடு சேர்ந்து படிக்க வேண்டியிருக்கும். ஒன்று அல்லது இரண்டு வருடம் ஆயத்த நிலை, பிறகு இரண்டு மூன்று வருடம் உருவாக்கப் பயிற்சி என்று 2018 ஆவணம் பேசுகிறது.

செக்குலர் இன்ஸ்டிடியூட் என்றால் முதல் சோதனைக் காலம் இரண்டு வருடத்துக்குக் குறையக் கூடாது. அதற்குப் பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு, குறைந்தது ஐந்து வருடம். அதன் பின்னரே நிரந்தரம். கூட்டிப் பார்த்தால் ஏழு வருடம். நீளம் என்று தோன்றும். முதல் சந்திப்பிலேயே "அடுத்த மாதமே வார்த்தைப்பாடு" என்கிற இடத்தைப் பார்த்துப் பயந்தால்தான் சரி.

கொண்டுபோக வேண்டியவை எளிது: சமீபத்தில் எடுத்த ஞானஸ்நானச் சான்று, உறுதிபூசுதல் சான்று, பங்குத்தந்தையின் கடிதம், சில இடங்களில் மருத்துவச் சான்று. கேட்டுவர வேண்டியவைதான் முக்கியம். நீங்கள் அவர்களைச் சோதிக்கிற சந்திப்பும் இதுதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். யாருடைய அங்கீகாரம், ஆயருடையதா ரோமுடையதா? அமைப்புவிதிகளின் பிரதி கொடுப்பீர்களா? என் சம்பளம் யார் கையில் இருக்கும்? நோய்வாய்ப்பட்டால் யார் பார்ப்பார்கள்? விலக நினைத்தால் என்ன நடைமுறை? கடைசிக் கேள்வியைக் கேட்டதும் முகம் மாறுகிறதா என்று கவனியுங்கள். நல்ல இடத்தில் மாறாது.

பணம்

ஏழ்மை என்ற வார்த்தையை ரொமான்டிக்காக எடுத்துக்கொள்கிறவர்கள் முதல் வருடத்திலேயே தடுமாறுவார்கள். மடத்தில் இருக்கும் சகோதரிக்கு ஒரு சபை இருக்கிறது, உணவும் மருத்துவமும் அது பார்த்துக்கொள்ளும். உங்களுக்கு அப்படி இல்லை. கன்னியர் அணியில் இருக்கும் பெண் தன் உழைப்பில்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், மறைமாவட்டம் சம்பளமோ ஓய்வூதியமோ தரக் கடமைப்பட்டதல்ல. செக்குலர் இன்ஸ்டிடியூட்களிலும் பெரும்பாலும் சம்பளமும் வங்கிக் கணக்கும் உங்களிடமே இருக்கும்.

அப்படியென்றால் ஏழ்மை எங்கே? கணக்கில். மாதாமாதம் வரவு செலவை எழுதுகிறேன், வருடத்துக்கு ஒருமுறை அதை என் பொறுப்பாளரிடம் காட்டுகிறேன், ஒரு அளவுக்கு மேல் வாங்குவதென்றால் முதலில் கேட்கிறேன். இன்னொரு மனிதரின் கண்ணுக்கு முன்னால் உங்கள் செலவுகளை விரித்து வைப்பது என்ன மாதிரி இருக்கும் என்று முதல் தடவை செய்யும்போதுதான் தெரியும். எனக்குக் காது சிவந்துவிட்டது. தப்பான செலவு எதுவும் இல்லை, ஆனால் மனசு சரியில்லாத வாரங்களில் எல்லாம் ஏதாவது வாங்கியிருக்கிறேன் என்பது வரிசையாகத் தெரிந்தது.

அதே சமயம் மருத்துவக் காப்பீடு எடுங்கள், ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொடங்குங்கள், உயில் எழுதுங்கள். "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு அறுபத்தைந்து வயதில் அண்ணன் பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டிவருவது விசுவாசம் அல்ல.

தனிமையும் நட்பும்

கற்பு வார்த்தைப்பாட்டில் கஷ்டமான பகுதி எது என்று இளம் பெண்கள் நினைப்பதும் உண்மையில் எது என்பதும் வேறு வேறு. உடல் ஆசை வரும், போகும், அதைப் பேச வழிகாட்டி இருக்கிறார். ஆனால் முப்பத்தெட்டு நாற்பது வயதில், தோழிகள் எல்லோரும் பிள்ளைகளின் பரீட்சை பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, காய்ச்சலோடு வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால் காலையில் நீங்கள் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அந்த டம்ளர்தான் கஷ்டம். அதற்கு மருந்து அதிகச் செபம் என்று யாராவது சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, தொலைபேசியில் கூப்பிட நாலு பேர் இருப்பது. அமைப்பின் மாதக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். குடும்பங்களோடு நட்பாக இருங்கள், அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு நிஜமான அத்தையாக, சித்தியாக இருங்கள். யாரிடமாவது மனசு சாயத் தொடங்கினால் ஒளித்து வைக்காமல் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். நீங்கள் மரக்கட்டை அல்ல, அதனால் நடக்கும்.

வீட்டில் எப்படிச் சொல்வது

ஒரே நாளில் அறிவிக்க வேண்டாம். மடத்துக்குப் போகிறேன் என்றால் அழுதாலும் புரிந்துகொள்வார்கள், அதற்கு ஒரு உருவம் இருக்கிறது. இதற்கு உருவம் இல்லை. எங்கள் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்போ எங்கேயும் போகலையா?" இரண்டாவது, "அப்போ ஏன் கல்யாணம் வேண்டாம்?" தத்துவம் எதுவும் பேசாமல், ஆறேழு மாதம் வழக்கம்போல வீட்டு வேலை, அலுவலகம், கோயில் என்று இருந்தேன். ஒரு நாள் அம்மாவே யாரிடமோ சொல்வதைக் கேட்டேன்: "அவ அப்படித்தான், அவளுக்கு அது பிடிச்சிருக்கு." அந்த ஒரு வரி எனக்கு ஆயரின் கடிதத்துக்குச் சமம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். கல்யாணமாகாத மகள் என்றால் வயதான பெற்றோரைப் பார்க்க வேண்டியது அவள்தான் என்று உடன்பிறந்தவர்கள் தாமாகவே முடிவு செய்துவிடுவார்கள். பார்க்க வேண்டியதுதான், அது உங்கள் வாழ்வுக்கு வெளியே உள்ள வேலையும் அல்ல. ஆனால் பகிர்ந்து பார்ப்பது என்று முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பங்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

விஷயம் தெரிந்ததும் பங்கில் உங்களுக்கு ஒரு புதுப்பெயர் வரும்: "அவங்களுக்குக் குடும்பம் இல்லையே, நேரம் இருக்கும்." மறைக்கல்வி, பாடற்குழு, பீட அலங்காரம், நோயாளி சந்திப்பு, கணக்கு, விழாக் குழு. ஒரு காலத்தில் ஆறு பொறுப்பில் இருந்தேன், திருப்பலியின்போது நற்கருணை வாங்கிவிட்டு மைக் வேலை செய்கிறதா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். பிறகு இரண்டாகக் குறைத்தேன். சிலர் முகம் கோணினார்கள்.

உங்கள் பணித்தளம் முதன்மையாக உங்கள் வேலைதான் என்பதை மறந்துவிடாதீர்கள். கணக்கெழுதுகிறவள் நேர்மையாகக் கணக்கெழுதுவது, ஆசிரியை பின்தங்கிய மாணவனுக்காக இன்னும் பத்து நிமிடம் நிற்பது, எல்லோரும் ஒதுக்குகிற சக ஊழியரோடு சேர்ந்து சாப்பிடுவது. மாவில் புளித்தமா மாதிரி உலகத்துக்குள் இருந்தே செய்கிற வேலை என்று சட்டமே (எண் 713) சொல்கிறது. புளித்தமா மேலே தெரியாது. பல செக்குலர் இன்ஸ்டிடியூட்களில் உறுப்பினர் என்பதையே வெளியில் சொல்லாத வழக்கம் இருப்பதும் இதனால்தான்.

அந்த நாள்

எங்கள் அமைப்பில் நிரந்தர வார்த்தைப்பாடு ஒரு சிறிய சிற்றாலயத்தில், பதினைந்து பேர் முன்னிலையில், அரை மணியில் முடிந்தது. மறுநாள் காலை பேருந்தில் வேலைக்குப் போனேன்.

கன்னியர் அர்ப்பணம் அப்படியல்ல, ஆயர் நிறைவேற்றும் திருப்பலிக்குள், மக்கள் முன்னிலையில் நடப்பது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்திருக்க, புனிதர்கள் மன்றாட்டுமாலை பாடுவார்கள். பிறகு ஆயர் சொல்லும் நீண்ட அர்ப்பணச் செபம், திருத்தந்தை பெரிய லெயோ காலத்து மரபிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுவது. மோதிரம் தருவார், திருப்புகழ்மாலைப் புத்தகம் தருவார், வழக்கம் இருக்கிற இடங்களில் முக்காடும். ஒரு தோழியின் அர்ப்பணத்துக்குப் போய் முழுநேரமும் அழுதுகொண்டிருந்தேன். விருந்து, அலங்காரம் என்று அதைக் கல்யாணமாக மாற்றப் பார்க்கிற உறவினர்களை மட்டும் அன்பாகக் கட்டுப்படுத்துங்கள்.

அப்புறம்

ஐந்தாறு வருடம் கழித்து ஒரு வறட்சி வரும். செபத்தில் ஒன்றும் இருக்காது, கூட்டங்கள் அலுக்கும், "எதற்காக இதெல்லாம்" என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் காலத்தில் எதையும் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். இரவுச் செபத்தை மட்டும் விடாதீர்கள், அந்தப் பத்து நிமிடம் பல நாள் என்னைத் தாங்கியிருக்கிறது.

வறட்சி வேறு, தப்பான கதவு வேறு. தப்பான கதவு என்று வழிகாட்டியோடு சேர்ந்து பார்த்துத் தெளிந்தால் வெளியே வரலாம். தற்காலிக வார்த்தைப்பாட்டுக் காலம் முடியும்போது சுதந்திரமாக விலகலாம். நிரந்தரமாகச் சேர்ந்த பிறகென்றால், அமைப்பு ரோமின் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் அங்கிருந்தும், இல்லையென்றால் மறைமாவட்ட ஆயரிடமிருந்தும் அனுமதி வாங்க வேண்டும். கன்னியர் அணியிலும், பாரமான காரணம் இருந்தால் ஆயர் விடுவிக்கலாம். விலகியவர்கள் எனக்குத் தோழிகளாக இருக்கிறார்கள், ஒருத்திக்கு இரண்டு பிள்ளைகள், அவளுடைய செபவாழ்வு என்னுடையதைவிட ஒழுங்கானது.

கடைசியாக ஒரு கோப்பு. வார்த்தைப்பாட்டுச் சான்று, உயில், காப்பீட்டுத் தாள், பொறுப்பாளரின் தொலைபேசி எண், நோயில்பூசுதலுக்கு எந்தக் குருவைக் கூப்பிட வேண்டும், அடக்கத் திருப்பலி எங்கே, யாருக்குச் சொல்ல வேண்டும், எல்லாம் ஒரே கோப்பில். தனியாக வாழ்கிறவள் இதை நாற்பது வயதிலேயே செய்துவைக்க வேண்டும். என்னுடையது அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது, சாவி எங்கே என்று அண்ணன் மகளுக்குத் தெரியும்.